ஒரே லைனில் கடையும் கம்ப்யூட்டரும்

கண்ணு,

நேற்று மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ சொன்ன பேச்சு இன்னும் என் காதைக் குடைகிறது. "ஷாஹினாவுக்கு மெசேஜ் போட்டேம்மா. தோஹா வேலைக்கு ஒரு வருசமா, மூணு வருசமான்னு கேட்டேன். பதிலே வரலை. சரி, அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு மூணு வருசத்துக்கே ஒத்துக்கிட்டேன்." குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாய். எதிரில் உட்கார்ந்திருந்த உன் பெண்டாட்டி ஷாஹினா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நீ அதையும் கவனிக்கவில்லை. அந்த இடத்திலேயே உன்னைத் திட்டியிருப்பேன். வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் அத்தா முதலில் படிக்கட்டும்.

ஷாஹினா ஏன் பதில் போடவில்லை தெரியுமா? நீ கொச்சிக்கு மெடிக்கல் எடுக்கப் போன அன்றைக்கே வீட்டில் நெட் செத்துவிட்டது. அந்த நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அணைத்துப் போட்டாள், வயரைப் பிடுங்கிச் செருகினாள், எதற்கும் அசையவில்லை. கம்ப்ளெயிண்ட் கொடுக்கலாம் என்று போன் செய்தால் ஓடிபி வேண்டுமாம். ஓடிபி உன் நம்பருக்குத்தான் வருமாம். உன் நம்பர் மெடிக்கல் சென்டரில் சுவிட்ச் ஆஃப். மொபைல் சிக்னலோ, இந்த எல்லைக்காட்டில் கூடத்தில் நின்றால் கேரளா, சமையல்கட்டுக்குப் போனால் தமிழ்நாடு, மாடிக்குப் போனால் இரண்டும் இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அவள் மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் நடந்ததை நான் பார்த்தேன். உன் கேள்வி அவளுக்கு வந்து சேர்ந்ததே நீ ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு முடித்த பிறகுதான்.

உனக்கு இது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. இதே வீட்டில், நீ நடை பழகிக்கொண்டிருந்த வயதில், இதே மாதிரி ஒரு கேள்வி எனக்கும் வந்தது. அந்தக் கதையை உன் அத்தா சொல்லும்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நீயும் சிரித்திருக்கிறாய். நடந்தது எப்படி என்று நான் சொல்கிறேன், கேள்.

அப்போது உன் அத்தா வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேன். லீவில் வந்தபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடத்து மூலையில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. இனிமேல் காசு கொட்டி ஐ.எஸ்.டி. பேச வேண்டாம், மின்னஞ்சல் போட்டுக்கொள்ளலாம் என்றார். எப்படிப் போடுவது என்று யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்? உன் சின்னத்தாவுக்கு. அவன்தான் அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி. நான் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றேன். "எனக்கும் காட்டுங்க" என்றேன். "அவன் இருக்கானே, அவன் பாத்துக்குவான்" என்றார். நான் பி.எஸ்.சி. படித்தவள். மவுஸைத் தொட்டால் கெட்டுவிடும் என்று நினைக்கிற ஆள் இல்லை. ஆனாலும் அவன் பார்த்துக்குவான்.

அவன் பார்த்துக்கொண்டான், பெங்களூரில் வேலை கிடைக்கும் வரை. வேலை கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தங்கியிருந்த அறையில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூத்திலிருந்து கூப்பிடுவான். கம்ப்யூட்டர் பூப்போட்ட துணிக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த மாதம்தான் உன் அத்தாவிடமிருந்து போனும் வருவது நின்றது.

முதலில் நான் பயப்படவில்லை. லைன் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். நம் வீட்டுப் போனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, இல்லை, உனக்குத் தெரியாது, நீ அதைப் பார்த்ததில்லை. போன் என்பது கீழே உன் தாத்தாவின் கொப்பரைக் கடையில் இருந்தது. அதிலிருந்து ஒரு வயரை மேலே இழுத்து, வீட்டில் இன்னொரு போன். அந்த வயரில்தான் கம்ப்யூட்டரும். ஒரே லைன். உன் தாத்தா காலையில் கடை திறந்ததும் காங்கேயத்துக்குப் போன் போடுவார், கொப்பரை விலை கேட்க. பிறகு வடகரப்பதியில் தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த விலையைச் சொல்வார். அதற்குள் காங்கேயத்தில் விலை மாறியிருக்கும், மறுபடி கேட்பார். வெளிநாட்டிலிருந்து ஒரு மனுஷன் கூப்பிட்டால் எப்போது மணி அடிக்கும்?

பிறகு ஒரு நாள் வளைகுடாவில் உன் அத்தா இருந்த ஊரிலேயே வேலை செய்த ஒருவர், லீவில் வந்திருந்தவர், கடைக்கு வந்தார். "கம்பெனிய மூடிட்டாங்க பாய். உங்க மகன் ஊட்டுக்கு மெயில் போட்டிருக்கேன்னு சொன்னாப்டி, பாக்கலீங்களா?" என்று உன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். தாத்தா மேலே வந்து என்னிடம் கேட்டார், "ஏம்மா, மெயில்னா போஸ்ட்மேன் கொண்டுவர்றதா?"

நான் துணியை உருவினேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் உனக்குச் சோறு ஊட்டி முடித்துவிடலாம். உன் சின்னத்தா எதை அழுத்துவான் என்று ஓரமாகப் பார்த்தது நினைவிருந்தது. இணைப்புப் படத்தை அழுத்தினேன். டயல் டோன் இல்லை, பிழை என்று ஆங்கிலத்தில் எழுதிவந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை. மறுபடி அழுத்தினேன், அதே பிழை. அன்றைக்கு முழுவதும் அதே பிழை. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அங்கே ஒரு அம்மா மலையாளத்தில், "சேச்சி, லைன் கிளியர் ஆணு. சேச்சி விளிச்சது இதே லைனில் அல்லே?", நான் கூப்பிட்டதே இதே லைனில்தானே என்று கேட்டு வைத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குத்தான் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் சின்னத்தா கூப்பிட்டபோது பிடித்துக்கொண்டேன். "அண்ணி, பின்னாடி போன் வயர் செருகற எடத்துல ரெண்டு ஓட்டை இருக்கும், பாருங்க. ஒண்ணு லைனு, ஒண்ணு போனு. எதுல இருக்கு?" நான் மேஜைக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். என் மாமியார் பெருக்கும்போது வயர் கழன்றிருக்கிறது, அவர்களே திரும்பச் செருகியிருக்கிறார்கள், பக்கத்து ஓட்டையில். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. மாற்றிச் செருகினேன். "இப்ப கனெக்ட் பண்ணிப் பாருங்க அண்ணி" என்றான். எப்படிப் பார்ப்பது? அவனோடு பேசிக்கொண்டிருப்பதே அந்த லைனில்தானே. அவன் சொல்வதைக் கேட்கப் போன் வேண்டும், சொன்னதைச் செய்து பார்க்கப் போனை வைக்க வேண்டும். வைத்தேன். டோன் வந்தது, நம்பர் போட்டது, கீச்சென்று கத்தியது, இரைந்தது. அப்புறம் வேறொரு பிழை. பெயரோ கடவுச்சொல்லோ தப்பு என்றது. அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். அவன் கூப்பிடும்போது நான் மறுபடி முயன்றுகொண்டிருந்தேன், அவனுக்கு எங்கேஜ்ட். பூத்தில் வரிசை இருந்ததால் போய்விட்டானாம். அந்த ஞாயிறு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அங்கே நெட் வேலை செய்தது. "மெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார்கள். அதுவும் உன் சின்னத்தாவிடம்தான் இருந்தது. என் புருஷன் எனக்கு எழுதுவதைப் படிக்க என் கொழுந்தனிடம் அனுமதி வாங்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாய். நான் அழுதது கோபத்தில் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

மறு ஞாயிறு அவன் நெட்டுக்கும் மெயிலுக்குமான இரண்டு கடவுச்சொல்லையும் எழுத்து எழுத்தாகச் சொன்னான். மழை பெய்து லைன் கரகரவென்று இருந்தது. "பி-யா, டி-யா?" என்று கத்தினேன். "சின்ன எழுத்து அண்ணி, எல்லாமே சின்ன எழுத்து!" என்று அவனும் கத்தினான். எழுதிக்கொண்டேன். அடித்தேன். தப்பு என்றது. பி-யை டி ஆக்கினேன், தப்பு. கடைசியில் பார்த்தால் விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நீ மடியில் உட்கார்ந்து தட்டிய வேலை. அதை அணைத்துவிட்டு அடித்ததும் உள்ளே விட்டது. கீழ் ஓரத்தில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் வந்து மினுக்கியது. மெயிலைத் திறந்தேன். மெயில் பக்கம் பாதி வந்திருக்கும். கீழே உன் தாத்தா போனை எடுத்தார்.

"ஹலோ? ஹலோ? என்னது இது, காதுக்குள்ள கொய்யுங்குது!" குரல் மாடி வரை கேட்டது. குட்டிக் கம்ப்யூட்டர்கள் மறைந்தன.

"மாமா, கொஞ்ச நேரம் போன எடுக்காதீங்க மாமா" என்று மேலிருந்து சொன்னேன். சரி என்பார். உண்மையாகவே சரி என்றுதான் சொல்வார். பிறகு வாசலில் ஒரு டெம்போ வந்து நிற்கும், விலை கேட்பார்கள், கை தானாகப் போனுக்குப் போகும். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது குடும்பத்துக் கொப்பரை அவரை நம்பி இருந்தது. ஆனால் என் நிலைமையை யோசித்துப் பார். ஒவ்வொரு தடவையும் டோன், நம்பர், கீச்சு, இரைச்சல், குட்டிப் படம், பாதிப் பக்கம், பிறகு "ஹலோ, ஹலோ". திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் அப்படியே போனது. இரைச்சல் கேட்டாலே நீ தவழ்ந்து வந்து "அத்தா, அத்தா" என்று மேஜையைத் தட்டுவாய். நான்தான் சொல்லி வைத்திருந்தேன், அத்தா இதற்குள்ளிருந்துதான் பேசுவார் என்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைப்பார்கள். அதுவரை ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று கேட்காதே. பாங்கு சொல்லி, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனதும் உட்கார்ந்தேன். மழையும் விட்டிருந்தது. முதல் தடவையே கிடைத்தது. பக்கம் முழுசாக வந்தது. உன் அத்தா பெயர் வரிசையாக நின்றது. மெயிலில் புதியதுதான் மேலே இருக்கும், அது எனக்குத் தெரியாது. மேலே இருந்ததைத்தான் முதலில் திறந்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"இன்னும் உன் பதில் இல்லை. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். கையெழுத்து போட்டாச்சு. நாளைக்கு சாயந்தரம் கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க போனும் இல்லை நெட்டும் இல்லை. பையனப் பாத்துக்க."

எதற்குச் சம்மதம்? ஒன்றும் புரியவில்லை. அதற்குக் கீழே இருந்ததைத் திறந்தேன், "ஏன் பதில் போடமாட்டேங்கற, என் மேல கோவமா?" அதற்கும் கீழே, "அவங்க இன்னைக்கே முடிவு கேக்கறாங்க." இப்படிப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே போய் அடியில் இருந்ததற்கு வந்தேன். அதில்தான் கேள்வி இருந்தது. "கம்பெனிய மூடிட்டாங்க. ஊருக்கு டிக்கெட் தர்றாங்க. இன்னொருத்தன் பாலைவனத்துல ஒரு கேம்ப்புக்குக் கூப்பிடறான். ரெண்டு வருசம், நடுவுல லீவு கிடையாது. நீ வான்னு ஒரு வார்த்தை எழுதினா டிக்கெட்ட வாங்கிட்டு வந்துருவேன். எனக்கும் இங்க போதும் போதும்னு இருக்கு."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கும் வேண்டியிருந்தது. மேலே இருந்த மெயிலின் தேதி நேற்று. அப்படியென்றால் அவர் சொன்ன நாளை, இன்று. சாயந்தரம். வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை பார்ப்பாரா? பார்ப்பார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்? "வாங்க. எனக்கு சம்மதம் இல்லை. உடனே வாங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். அனுப்பு என்பதை அழுத்தினேன். பக்கம் வெள்ளையானது. அப்படியே நின்றது. கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம். தொழுகை முடிந்து வந்துவிட்டார்கள். "ஹலோ, காங்கேயமா?"

நான் எப்படிக் கீழே போனேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லை, முக்காடு தோளில் கிடந்தது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். வீட்டுப் பெண்கள் கடைக்குள் வருகிற வழக்கமே கிடையாது. உன் தாத்தா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்தேன். "மாமா, இன்னைக்கு இத யாரும் தொடக்கூடாது. உங்க மகன் போறாரு மாமா" என்றேன். எங்கே போகிறார் என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்த மனுஷனின் அதட்டல் ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் எடுக்காதபடி ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டார். "போ, போய்ப் பண்ணு" என்றார். டெம்போக்காரன் விலை கேட்டதற்கு, "இன்னைக்கு வெலை இல்ல, போப்பா" என்றார்.

மேலே ஓடிவந்து மறுபடி இணைத்தேன். லைன் பிஸி. மறுபடி. பதில் இல்லை. மறுபடி. இணைந்து, உடனே அறுந்தது. கரண்டு ஒரு தடவை போய் வந்தது, கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழுந்து வரவேண்டியிருந்தது. ஒரு வழியாகக் கிடைத்து, அனுப்பி, 'அனுப்பப்பட்டது' என்று எழுதி வந்ததைக் கண்ணால் பார்த்தபோது சாயந்தரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னது. பதில் வருமா என்று இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவர்கள் மத்தியானமே வண்டி ஏறிவிட்டார்களாம். அவர் அதைப் படித்தது பல மாதம் கழித்து, ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்தபோது. "இப்பத்தான் பாத்தேன். இனி என்ன பண்றது" என்று எழுதினார். பாஸ்போர்ட் அவர்கள் கையில். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

அவர் திரும்பி வந்த அன்று நீ பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாய். யாரோ விளையாட்டாக, "உங்க அத்தா எங்கடா?" என்று கேட்டார்கள். நீ அவரைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றைக்கு இல்லை, ஒரு வாரம் கழித்து, எங்களுக்குள் அந்தச் சண்டை வந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?" என்றார். "நான் சொல்லலைன்னா உங்களுக்கு அது சம்மதமா? ஏன், வேண்டாங்கறதா இருக்கக் கூடாதா? எனக்கு ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "பதில் வரலைன்னா நான் என்னன்னு நெனைக்கறது?" என்றார். "பதில் வரலைன்னு நெனைங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்களா ஒண்ணும் எழுதிக்காதீங்க." அவருக்கு அது புரிய நாளானது. இப்போது ஆட்டுக்குட்டி வாங்கினாலும் தோப்பிலிருந்து நடந்து வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறார். எரிச்சலாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. உனக்கும்தான் இல்லை.

நான் எழுதுவது இவ்வளவு காட்டமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அந்த மெஷின் கெட்டதற்குக் கூட நான் இவ்வளவு ஆத்திரப்படவில்லை. வயர் கழன்றால் செருகலாம், லைன் அறுந்தால் மறுபடி போடலாம். எனக்கு ஆத்திரம், எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த எல்லாச் சாவியையும் என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் கொடுத்து வைத்திருந்ததுதான். இப்போது நீ அதையேதான் செய்திருக்கிறாய். நெட் உன் பெயரில், நம்பர் உன்னுடையது, கடவுச்சொல் உன் மண்டையில். "ஏதாவது ஆச்சுன்னா எனக்குச் சொல்லு, நான் அங்கிருந்தே சரி பண்ணிடுவேன்" என்கிறாய். நெட் போனதை உனக்கு எதில் சொல்வாள்?

தோஹாவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவது உன் வேலை, உன் படிப்பு. ஆனால் கம்பெனியிலிருந்து ஒப்பந்தம் இன்னும் முத்திரையாகித் திரும்பவில்லை, வருஷத்தை மாற்றவேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் எழுதலாம் என்று நீயே உன் நண்பனிடம் போனில் சொன்னது எனக்குக் கேட்டது. உன் அத்தாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உனக்கு இருக்கிறது. அந்த நெட் பெட்டியின் கணக்கை ஷாஹினாவின் நம்பருக்கு மாற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளை உட்காரவைத்து, அவள் கையாலேயே செய்யவிட்டுக் காட்டு. பிறகு அன்றைக்கு மெசேஜில் கேட்டதை நேரில் கேள்.

அவள் இப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போ. கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்கும் வரை அங்கேயே நில். உடனே சொல்லமாட்டாள், இரண்டு துணி உதறிப் போடுவாள், நிற்கவேண்டும். மூன்று வருஷம் என்றால் உன் பெட்டியை நானே கட்டித் தருகிறேன். ஒரு வருஷம் என்றால், போகவே வேண்டாம் என்றால், அதற்கும் நான் அவள் பக்கம்தான். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நீ.

அம்மா